எஃப்சிசி ஹிஸ்டரி கார்டு: ரேடியோ ஸ்டேஷன் கட்டுரைகள்ல விட்டுப்போனதைத் தேடுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ரேட்டிங்கை மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4.5. அந்த அரை மார்க் எங்க போச்சுன்னு கீழ வரும்.

அமெரிக்க ரேடியோ ஸ்டேஷன்களைப் பத்தி விக்கிப்பீடியால எழுதுறவங்க, இல்ல எழுதலாமான்னு யோசிச்சுட்டு இருக்கறவங்க, எங்க என்ன விட்டுப்போயிருக்குன்னு தேடுறதுக்கு எஃப்சிசியோட (அமெரிக்கால ரேடியோ லைசென்ஸ் கொடுக்கற அரசு அமைப்பு) ஹிஸ்டரி கார்டை விட உபயோகமான ஒரு பொருளை நான் இதுவரைக்கும் பாக்கல. காசு கெடையாது, அக்கவுண்ட் திறக்க வேண்டாம், ஸ்டேஷனோட ஃபெசிலிட்டி ஐடி நம்பரை, அதாவது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எஃப்சிசி கொடுக்கற அடையாள நம்பரை, வெச்சுத் தேடினா ஸ்கேன் பண்ண பிடிஎஃப் கைக்கு வந்துடும். 1927ல ஃபெடரல் ரேடியோ கமிஷன் வந்துச்சு, 1934ல அது எடத்துக்கு எஃப்சிசி வந்துச்சு, இந்த ரெண்டு ஆஃபீஸ்லயும் இருந்த குமாஸ்தாக்கள் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கார்டு போட்டு, என்னைக்கு என்ன அனுமதி கேட்டாங்க, என்னைக்குக் கொடுத்தாங்க, யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போச்சுன்னு வரி வரியா டைப் பண்ணியும் கையால எழுதியும் வெச்சிருக்காங்க, கிட்டத்தட்ட 1980 வரைக்கும். கம்ப்யூட்டர் வராத காலத்துல அம்பது வருஷத்துக்கு மேல விடாம எழுதியிருக்காங்கன்னு நெனச்சாலே மரியாதை வருது.

நான் இதுக்கு வந்த கதை கொஞ்சம் சுத்து வழி. விக்கிப்பீடியால ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ரேடியோ ஸ்டேஷன் பட்டியல் இருக்கு, கால் சைன் (ஸ்டேஷனோட எழுத்துப் பேரு), அலைவரிசை, எந்த ஊருக்கு லைசென்ஸ், ஓனர் யாரு, என்ன மாதிரி நிகழ்ச்சி, இப்படி வரிசையா. கட்டுரை இருந்தா நீல லிங்க், இல்லேன்னா சிவப்பு. அமெரிக்கால முழு பவர் ஸ்டேஷன் மட்டும் 15,000க்கு மேல, அதுல ஏஎம் மட்டுமே 4,000க்கு மேல, அதுபோக லோ பவர் எஃப்எம் 2,000 பக்கம், டிரான்ஸ்லேட்டர்னு சொல்ற ரிப்பீட்டர் ஸ்டேஷன் 8,000க்கு மேல. சரி, சிவப்பா இருக்கறதெல்லாம் ஓட்டை, ஒண்ணொண்ணா அடைச்சுட்டே போலாம்னுதான் நானும் ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் போனப்புறம்தான் புரிஞ்சுது, சிவப்பு லிங்க் ஓட்டை நம்ம கண்ணுக்குத் தெரியுற ஓட்டை, அதை யாராவது ஒருத்தர் எப்பவாவது அடைச்சுடுவாங்க. நீல லிங்க்குக்கு உள்ள இருக்கற ஓட்டைதான் யார் கண்ணுலயும் படாது.

எப்படின்னா, மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன், 1450 கிலோஹெர்ட்ஸ், பேரு வேணாம். கட்டுரை இருக்கு, லிங்க் நீலம். உள்ள போனா அஞ்சு வரி. இந்த அலைவரிசைல ஒலிபரப்பாகுது, இந்த ஊருக்கு லைசென்ஸ், இப்ப இவங்க ஓனர், இந்த மாதிரி பாட்டு போடறாங்க, சாயங்காலம் இந்த சிண்டிகேட் ஷோ வருது. அவ்ளோதான். 1930கள்லேர்ந்து இருக்கற ஸ்டேஷன், மூணு தலைமுறை ஜனங்க காலைல எழுந்ததும் வானிலையும் சாவு செய்தியும் ஸ்கூல் லீவும் அதுலதான் கேட்டிருப்பாங்க, அதுக்கு அஞ்சு வரி, அந்த அஞ்சும் இன்னைக்கு நெலமையைப் பத்தி மட்டும். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல இருக்கு. குறிப்பா 1230, 1240, 1340, 1400, 1450, 1490 இந்த ஆறு அலைவரிசைல. இதெல்லாம் 1,000 வாட் லோக்கல் ஸ்டேஷனுக்குன்னு ஒதுக்கினது, நாடு முழுக்க ஒரே அலைவரிசைல நூத்துக்கணக்கான ஸ்டேஷன் நெருக்கியடிச்சு நிக்கும், ராத்திரில ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வெறும் இரைச்சலாத்தான் கேக்கும், ரேடியோக்காரங்க இதுக்கு வெச்ச பேரே கிரேவ்யார்ட் சேனல். கட்டுரைகளும் இந்த ஆறுலதான் ரொம்ப மெலிஞ்சு கெடக்கு.

இந்த 1450 ஸ்டேஷனோட கார்டைத் திறந்தேன். மொத தடவை பாக்கறவங்களுக்குத் தலை சுத்தும், சொல்லிட்டேன். எல்லாமே சுருக்கெழுத்து. சிபின்னா கட்டுமான அனுமதி, டிஏ-என் போட்டிருந்தா ராத்திரில மட்டும் திசை பாத்து அனுப்புற ஆன்டெனா, எல்எஸ்னா உள்ளூர்ல சூரியன் மறையுற நேரம், எஸ்டின்னா இன்னொரு ஸ்டேஷனோட நேரத்தைப் பங்கு போட்டுக்கறது. கையெழுத்து சில எடத்துல மங்கிப் போயிருக்கும், ஜூம் பண்ணி 3ஆ 8ஆன்னு பாக்கணும். ஆனா ஒரு நாலஞ்சு கார்டு படிச்சுட்டா கை பழகிடும், அப்புறம் ஒரு கார்டைப் படிக்கறது ஒரு குடும்பத்தோட கணக்கு நோட்டைப் படிக்கற மாதிரி ஆயிடும், எப்ப வசதியா இருந்தாங்க, எப்ப கஷ்டப்பட்டாங்க, எப்ப வித்தாங்கன்னு எல்லாம் தெரியும். என் 1450 ஸ்டேஷன் கார்டுல மூணாவது வரிலயே எஸ்டி இருந்துச்சு. அதாவது 1930கள்ல அது தனியா இல்ல, ஒரு காலேஜ் ஸ்டேஷனோட பகலைப் பாதி பாதியா பிரிச்சுட்டு இருந்துச்சு. அந்தக் காலேஜ் ஸ்டேஷனுக்குக் கட்டுரையும் இல்ல, பட்டியல்ல ஒரு சிவப்பு லிங்க் கூட இல்ல. மூடின ஸ்டேஷன், யாருக்கும் ஞாபகமில்ல. பட்டியலை மட்டும் வெச்சுத் தேடியிருந்தா இது எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.

இதே மாதிரி நேரம் பங்கு போட்டதுல பெரிய ஸ்டேஷன்களும் உண்டு. சிகாகோல டபிள்யூஎல்எஸ்ஸும் டபிள்யூஈஎன்ஆரும் 1954 வரைக்கும் ஒரே அலைவரிசையை மாத்தி மாத்தி வெச்சுட்டு இருந்துச்சு. பெருசுங்களைப் பத்தி எழுத ஆள் இருக்கு. சின்ன ஊர் ஜோடிகளுக்குத்தான் ஆள் இல்ல.

இப்ப ஒரு வேலை சொல்லித் தர்றேன், இது கார்டு இல்லாமலே பண்ணலாம், கார்டு இருந்தா உறுதி பண்ணிக்கலாம். 1941 மார்ச் 29 அன்னைக்கு வட அமெரிக்க ஒப்பந்தம் ஒண்ணு அமலுக்கு வந்து பெரும்பாலான ஏஎம் ஸ்டேஷன்களோட அலைவரிசை ஒரே ராத்திரில மாறிடுச்சு. பிட்ஸ்பர்க் கேடிகேஏ 980லேர்ந்து 1020க்குப் போச்சு, டெ மாய்ன் டபிள்யூஎச்ஓ 1000லேர்ந்து 1040. லோக்கல் சேனல்கள்ல 1200 இருந்தது 1230 ஆச்சு, 1210 இருந்தது 1240, 1310 இருந்தது 1340, 1370 இருந்தது 1400, 1420 இருந்தது 1450, 1500 மட்டும் கீழ எறங்கி 1490. ஸோ 1930கள்ல ஆரம்பிச்சதுன்னு சொல்ற ஒரு கட்டுரைல ஆரம்பத்துலேர்ந்து 1240லதான் இருக்குன்னு இருந்தா அங்க ஒரு ஓட்டை நிச்சயம். இதே மாதிரி இன்னொரு தேதி 1928 நவம்பர் 11, அன்னைக்கும் நாடு முழுக்க அலைவரிசைகளை மாத்திப் போட்டாங்க. 1920கள்ல பொறந்த ஒரு ஸ்டேஷனோட கட்டுரைல இந்த ரெண்டு தேதியையும் பத்திப் பேச்சே இல்லேன்னா, எழுதினவர் இன்னைக்கு இருக்கறதைப் பாத்து எழுதியிருக்கார்னு அர்த்தம். நான் ஒரு மாநிலத்துப் பட்டியலை எடுத்து 1941க்கு முன்னாடி ஆரம்பிச்ச எல்லாத்தையும் இப்படி ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தேன், பாதிக்கு மேல தேறல.

அடுத்தது கால் சைன் விஷயம், இதுல நானே தப்பு பண்ணிருக்கேன். கால் சைன் ஒரு பேர்ப்பலகை மாதிரி, கழட்டி வேற கட்டடத்துல மாட்டலாம். கேஒய்டபிள்யூ 1921ல சிகாகோல ஆரம்பிச்சுது, 1934ல பிலடெல்பியாக்குப் போச்சு, 1956ல கிளீவ்லாண்டுக்கு, 1965ல திரும்பவும் பிலடெல்பியா. மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்க டபிள்யூ, மேற்க கேன்னு ஒரு வழக்கம் இருந்தும் பிலடெல்பியால கே இருக்கறதுக்குக் காரணம், சிகாகோவும் கிழக்கதான்னாலும் அங்க மொதல்லயே கேன்னு பேர் வெச்சு, அதையே தூக்கிட்டு வந்ததுதான். நியூயார்க்ல 660ல இன்னைக்கு இருக்கற டபிள்யூஎஃப்ஏஎன் 1987ல 1050ல ஆரம்பிச்சுது, 1988 அக்டோபர்ல 660க்கு மாறிச்சு, ஆனா அந்த 660 லைசென்ஸ் 1922ல டபிள்யூஈஏஎஃப்னு ஆரம்பிச்சு, அப்புறம் பல வருஷம் டபிள்யூஎன்பிசியா இருந்த லைசென்ஸ். இப்ப டபிள்யூஎஃப்ஏஎன் எப்ப பொறந்துச்சுன்னு கேட்டா 1922னும் சொல்லலாம் 1987னும் சொல்லலாம், கட்டுரைல எதைச் சொல்றோம்னு தெளிவா எழுதணும். நான் என்ன பண்ணேன்னா, ஒரு தெற்கு மாநில ஸ்டேஷனுக்கு 1950கள் வரலாறுன்னு ரெண்டு பத்தி எழுதினேன், பழைய பிராட்காஸ்டிங் இயர்புக்லேர்ந்து (ஸ்டேஷன் விவரங்களோட வருஷாந்திரத் தொகுப்பு) எடுத்தது, கால் சைன் ஒண்ணுதான், ஊர் வேற. அந்தக் கால் சைன் ரெண்டு தடவை கை மாறியிருக்கு. ஆறு மாசம் அந்தத் தப்பு அப்படியே கெடந்துச்சு, யாரும் கேக்கல, கார்டைப் பாத்தப்போ நானே கண்டுபிடிச்சு எடுத்தேன். அன்னைலேர்ந்து ஃபெசிலிட்டி ஐடி ஒத்துப்போகாம ஒரு வரி கூட எழுதறதில்ல. கால் சைன் மாறும், ஓனர் மாறுவார், அந்த நம்பர் மட்டும் லைசென்ஸ் கூடவே இருக்கும்.

செத்துப்போன ஸ்டேஷன்கள் தனி உலகம். 1922 ஒரே வருஷத்துல 500க்கு மேல லைசென்ஸ் கொடுத்தாங்க. டிபார்ட்மென்ட் ஸ்டோர், பத்திரிகை ஆஃபீஸ், சர்ச், காலேஜ், பேட்டரி கடைன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. பெரும்பாலும் எல்லாரும் 360 மீட்டர்னு ஒரே அலைநீளத்துல, ஒரே ஊர்ல நாலு பேர் இருந்தா நேரம் பேசி வெச்சுக்கணும். நெறைய சில மாசத்துலயே மூடிடுச்சு. கார்டு 1927க்கு அப்புறம்தான்னால இவங்க அதுல கெடையாது, அதுக்கு வணிகத்துறை மாசாமாசம் போட்ட ரேடியோ சர்வீஸ் புல்லட்டின் பாக்கணும், புது ஸ்டேஷன், மாறின ஸ்டேஷன், நீக்கின ஸ்டேஷன்னு தனித்தனியா இருக்கும். நீக்கினதுங்கற பகுதியை ஒரு ராத்திரி முழுக்கப் படிச்சேன், மனசு கனத்துப் போச்சு. இப்பவும் ஸ்டேஷன்கள் மூடிட்டுதான் இருக்கு, 12 மாசம் தொடர்ந்து ஒலிபரப்பு இல்லேன்னா லைசென்ஸ் தானா போயிடும்னு சட்டம். எஃப்சிசி டேட்டாபேஸ்ல அப்படிப் போன ஸ்டேஷனோட கால் சைனுக்கு முன்னாடி ஒரு டி எழுத்து சேத்துடுவாங்க. அந்த டி போட்டதையெல்லாம் தேடி எடுத்து விக்கிப்பீடியாவோட ஒப்பிட்டா ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும். மூடின ஸ்டேஷனோட வரியைப் பட்டியல்லேர்ந்து சத்தமில்லாம எடுத்துட்டா அதோட கதை முடிஞ்சுது, அதனால மூடின ஒடனே எழுதி வெக்கறது முக்கியம்னு நான் நெனக்கறேன், ஊர்ப் பத்திரிகைல செய்தி வந்திருக்கும், அப்பவே பிடிச்சாதான் உண்டு.

சரி, அரை மார்க். ஒண்ணு, கார்டு 1980 பக்கம் நின்னுடுது, ஆன்லைன் டேட்டாபேஸ்ல நல்லா விவரம் கெடைக்கறது அதுக்குச் சில வருஷம் கழிச்சுதான். நடுவுல இருக்கற காலத்துக்கு பிராட்காஸ்டிங் இயர்புக்தான் கதி. 1935லேர்ந்து 2010 வரைக்கும் வந்துச்சு, வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரிங்கற தளத்துல ஸ்கேன் பண்ணி இலவசமா வெச்சிருக்காங்க, அந்தத் தளத்துக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும். ஆனா இயர்புக் விவரம் பெரும்பாலும் ஸ்டேஷன்காரங்க தாங்களே அனுப்புறது, ஆரம்பிச்ச வருஷத்தைக் கொஞ்சம் பழசாக்கிச் சொல்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. யார் மொத ஸ்டேஷன்ங்கற சண்டையே இன்னும் தீரலையே, கேடிகேஏ 1920 நவம்பர் 2ன்னு சொல்லும், டெட்ராய்ட் டபிள்யூடபிள்யூஜே அதே வருஷம் ஆகஸ்ட் 20ன்னு சொல்லும், சான் பிரான்சிஸ்கோ கேசிபிஎஸ் 1909ல சான் ஹோசேல நடந்ததுக்குப் போயிடும். இயர்புக்கை மட்டும் நம்பாதீங்க, கார்டையும் பக்கத்துல வெச்சுக்கோங்க.

ரெண்டாவது காரணம் பெருசு, இதை நான் அழுத்திச் சொல்லணும். கார்டுல மனுஷங்க கெடையாது. மெம்ஃபிஸ் டபிள்யூடிஐஏவை எடுத்துக்கோங்க. கார்டு மாதிரி ஒரு ஆவணம் என்ன சொல்லும், 1947ல ஆரம்பம், 730 கிலோஹெர்ட்ஸ், 250 வாட், பகல்ல மட்டும், 1954ல 1070க்கு மாறி 50,000 வாட். 250 வாட்லேர்ந்து 50,000 வாட்டுக்கு ஏழு வருஷத்துல எப்படிப் போச்சுன்னு அதுல இருக்காது. 1948 அக்டோபர்ல நேட் டி. வில்லியம்ஸ்ங்கற கறுப்பின ஆசிரியர் மைக் முன்னாடி உக்காந்தார், கொஞ்ச நாள்ல முழு நாளும் கறுப்பின மக்களுக்கான நிகழ்ச்சின்னு மாறிச்சு, கேக்கறதுக்கு அவ்ளோ பெரிய கூட்டம் காத்துட்டு இருந்துச்சு, பவர் ஏறினதுக்குக் காரணமே அதுதான். டபிள்யூடிஐஏ புகழ்பெற்றதுன்னால இந்தக் கதை எல்லா எடத்துலயும் இருக்கு. ஆனா இதே மாதிரி சின்ன அளவுல நடந்த ஊர்கள் எத்தனை, அங்க எல்லாம் கட்டுரை வாட்டையும் அலைவரிசையையும் மட்டும் சொல்லிட்டு நின்னுடுது.

அதனாலதான் கார்டை நான் விடையா பாக்கறதில்ல, எங்க தோண்டணும்னு காட்டுற வரைபடமா பாக்கறேன். அதுல ஒரு தேதி கெடைக்கும், அந்தத் தேதியை எடுத்துட்டுப் பத்திரிகைக்குப் போகணும். விக்கிப்பீடியால ஒரு கட்டுரை நிக்கணும்னா சம்பந்தமில்லாத மூணாம் ஆள் எழுதின நம்பகமான ஆதாரம் வேணும், லைசென்ஸ் கார்டை மட்டும் காட்டினா போதாது, அது சரியான விதிதான். ஆனா எந்தப் பத்திரிகைல தேடறோம்ங்கறதுலயே இன்னொரு ஓட்டை விழுது. ஊரோட பெரிய இங்கிலீஷ் தினசரில மட்டும் தேடினா, 1949ல கறுப்பினத்தவர் ஒருத்தர் ஓனரா இருந்து நடத்தின மொத ஸ்டேஷனான அட்லாண்டா டபிள்யூஈஆர்டி மாதிரி ஒண்ணைப் பத்தி என்ன கெடைக்கும்? அதுக்கு அட்லாண்டா டெய்லி வேர்ல்ட், சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் மாதிரி கறுப்பினப் பத்திரிகைகள் பாக்கணும். சான் அன்டோனியோல 1946ல ராவுல் கோர்டெஸ் ஆரம்பிச்ச ஸ்பானிஷ் ஸ்டேஷன் கேசிஓஆர் பத்தித் தேடினா லா பிரென்சா பாக்கணும். அரிசோனா விண்டோ ராக்ல நவாஹோ நேஷனோட கேடிஎன்என், 1986லேர்ந்து, நியூயார்க் டபிள்யூஎஃப்ஏஎன் இருக்கற அதே 660ல, அதே 50,000 வாட். ரெண்டு கட்டுரையையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு நீளத்தைப் பாருங்க. ஒரு மொழி பேசுற மக்கள் அந்த மொழிலயே செய்தி கேக்கறதுக்குன்னு இருக்கற ஸ்டேஷன், அதுக்கு எழுத எவ்ளோ இருக்கு. இதை யாரும் கெட்ட எண்ணத்துல விட்டாங்கன்னு நான் சொல்லல, கைக்குக் கெடைக்கற ஆவணத்தை வெச்சுதான் எல்லாரும் எழுதுறோம், கெடைக்கற ஆவணம் யாரைப் பத்தினதுங்கறதுதான் பிரச்சினை.

லோ பவர் எஃப்எம்முக்குக் கார்டே கெடையாது, 2000ல வந்த சர்வீஸ், அதிகபட்சம் 100 வாட், லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும். சிவப்பு லிங்க் கொட்டிக் கெடக்கற எடம் இது. 100 வாட்டுக்கு என்ன வரலாறு இருக்கப் போகுதுன்னு தோணும், மிசிசிப்பில பே செயின்ட் லூயிஸ்ல இருக்கற டபிள்யூக்யூஆர்இசட்-எல்பி 2005ல கட்ரீனா புயல் அடிச்சு சுத்தி இருந்த பெரிய ஸ்டேஷன்கள் நெறைய நின்னுபோனப்போ எங்க தண்ணி கெடைக்கும், எங்க சாப்பாடு கெடைக்கும்னு மக்களுக்குச் சொல்லிட்டு இருந்துச்சு. ஃப்ளோரிடா இம்மோக்காலில தக்காளித் தோட்டத் தொழிலாளர் அமைப்பு நடத்துற டபிள்யூசிஐடபிள்யூ-எல்பி இருக்கு. இந்த மாதிரி ஸ்டேஷனுக்கெல்லாம் பத்திரிகை ஆதாரம் தேடினா கெடைக்கும், தேடத்தான் ஆள் வேணும்.

டிரான்ஸ்லேட்டரைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டாம், தனிக் கட்டுரை தேவையில்ல. ஆனா அம்மா ஸ்டேஷன் கட்டுரைல அது இருக்கான்னு பாருங்க. டிரான்ஸ்லேட்டரோட கால் சைன் நடுவுல இருக்கற நம்பர்லேர்ந்து 200ஐக் கழிச்சு 0.2ஆல பெருக்கி 87.9 கூட்டினா அலைவரிசை வந்துடும், 250ன்னு இருந்தா 97.9. கட்டுரைல வேற நம்பர் இருந்தா அது பழைய தகவல்.

கூட வெச்சுக்க வேண்டியது இன்னும் சிலது இருக்கு. விக்கிப்பீடியாவோட தகவல் தளமான விக்கிடேட்டால ஃபெசிலிட்டி ஐடி இருக்கற ஸ்டேஷன்ல இங்கிலீஷ் கட்டுரை இல்லாததை மட்டும் வடிகட்டி எடுக்கலாம், பெட்ஸ்கேன்ங்கற தேடல் கருவியை வெச்சு ரொம்பக் குட்டியா இருக்கற கட்டுரைகளைப் பகுப்பு வாரியா எடுக்கலாம். விக்கிப்பீடியா லைப்ரரினு ஒண்ணு இருக்கு, 500 எடிட்டும் ஆறு மாச அக்கவுண்ட்டும் இருந்து, கடைசி ஒரு மாசத்துல 10 எடிட்டாவது பண்ணிருந்தா, காசு கட்டிப் பாக்கற பத்திரிகை ஆவணங்கள் நெறைய இலவசமா தெறக்கும். அது கெடைக்கற வரைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தோட பழைய பத்திரிகைத் தொகுப்பு குரோனிக்ளிங் அமெரிக்கா இருக்கு. பழைய ஸ்கேன்ல எழுத்தை மெஷின் தப்பா படிச்சிருக்கும், கால் சைன்ல டபிள்யூ இருந்தா அதை ரெண்டு 'வி' எழுத்தா பிரிச்சு வெச்சிருக்கும், அதனால கால் சைன் மட்டும் போட்டுத் தேடாம ஊர் பேரும் ரேடியோங்கற வார்த்தையும் போட்டு, கார்டுல கெடைச்ச தேதிக்கு முன்ன பின்ன ஒரு வாரம் வெச்சுத் தேடுங்க. தேதி இல்லாம தேடினா ஒரு நாள் போகும், தேதியோட தேடினா பத்து நிமிஷம்.

என் 1450 ஸ்டேஷன் கட்டுரை இப்ப அஞ்சு வரிலேர்ந்து மூணு பக்கம் ஆயிருக்கு. 1941 அலைவரிசை மாத்தம், ரெண்டு ஓனர் மாத்தம், கோபுரம் எடம் மாறினது எல்லாம் கார்டு காட்டின தேதில பத்திரிகைல இருந்துச்சு. கூட நேரம் பங்கு போட்ட அந்தக் காலேஜ் ஸ்டேஷனுக்குத் தனிக் கட்டுரை வரைவுல இருக்கு. மாணவர்கள் தானிய வெலை படிச்சது வரைக்கும் ஒரு செய்தி கெடைச்சுது, ஏன் மூடினாங்கங்கறது மட்டும் இல்ல. கார்டுல 1936 அக்டோபர்னு ஒரு தேதியும் நீக்கப்பட்டதுன்னு ஒரு வார்த்தையும்தான் இருக்கு. அந்த வருஷத்து ஊர்ப் பத்திரிகை இன்னும் ஆன்லைன்ல வரல, மைக்ரோஃபிலிம் அந்தக் கவுண்டி லைப்ரரில இருக்குன்னு தெரிஞ்சு போன வாரம் மெயில் போட்டிருக்கேன், அக்டோபர் மாசத்து மொத ரெண்டு வாரம் மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமான்னு கேட்டு.